முப்பது நொடிக் கெடு

தேர்வு முடிவு பார்க்க உட்கார்ந்திருக்கிறோம். அல்லது ரயில் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் நேரம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 'சர்வர் டவுன்' என்கிறார்கள். அரை மணி நேரம் கழித்து எல்லாம் பழையபடி ஓடுகிறது. என்ன செய்தீர்கள் என்று அந்தத் துறையில் வேலை பார்ப்பவரைக் கேட்டால், "ரீஸ்டார்ட் பண்ணினோம், வந்துடுச்சு" என்பார். எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை, எதையும் புதிதாக எழுதவில்லை. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டதும் சரியாகிவிட்டது என்றால், முதலில் கெட்டுப்போனதுதான் எது?

இதற்கு ஒரே விடை கிடையாது. சர்வர்கள் பல காரணங்களால் நிற்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் இந்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வோம். அந்த வகையில் கணினி நம்பியிருக்கும் வட்டு உடைந்திருக்காது. மென்பொருளிலும் பிழை இருக்காது. கணினிக்குள் இருக்கும் ஒரு பகுதி பதிலுக்காகக் காத்திருந்திருக்கும். கெடு முடிந்தும் பதில் வராததால், இனி எழுதினால் தகவல் சிதையும் என்று முடிவு கட்டி, தானாகவே வேலையை நிறுத்தியிருக்கும். அது நின்றதால்தான் ரீஸ்டார்ட் செய்தபின் வட்டில் ஏறியதெல்லாம் முழுசாகக் கிடைத்தது.

வெளியில் இருந்து பார்க்க இது பழுது போலத்தான் தெரியும். ஆனால் இதைப் பழுது என்று எண்ணி அவசரமாகப் பழுதுபார்க்கப் போகிறவர்கள்தான் உண்மையான சேதத்தை உண்டாக்குகிறார்கள்.

பெட்டிக்குள் இல்லாத வட்டு

இன்று ஒரு நிறுவனத்தில் 'சர்வர்' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் தனிப் பெட்டி அல்ல. ஒரு பெரிய கணினியின் நினைவகத்தையும் மையச் செயலகத்தையும் மென்பொருளால் பங்கு பிரித்து, ஒவ்வொரு பங்கும் தன்னை முழுக் கணினி என்றே எண்ணிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். இப்படி உருவாகும் கணினிக்கு மெய்நிகர் கணினி என்று பெயர். வேலைத்தளத்தில் 'வி.எம்.' என்பார்கள். அதைச் சுமந்திருக்கும் உண்மையான பெட்டியை நாம் தாய்க் கணினி என்று அழைப்போம். யோசனை பழையது. 1960களிலேயே ஐ.பி.எம். தன் பெரிய கணினிகளில் இதைச் செய்து காட்டிவிட்டது. 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் அதைச் சாதாரண கணினிகளுக்குக் கொண்டுவந்த பிறகு, உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது.

மெய்நிகர் கணினிக்குள் ஓடும் லினக்ஸ் இயங்குதளம், தனக்கு ஒரு வட்டு இருப்பதாக நம்புகிறது. அந்த வட்டு உண்மையில் வேறோர் அறையில் இருக்கும் சேமிப்பகத்தில் ஒரு பெரிய கோப்பாகக் கிடக்கிறது. ஒரு செயலி 'இதை எழுது' என்று சொன்னால், அந்தக் கட்டளை முதலில் மெய்நிகர் கணினியின் இயங்குதளத்தைக் கடக்க வேண்டும். பிறகு பொய்யாக உருவாக்கப்பட்ட வட்டுக் கட்டுப்பாட்டு அட்டை. பிறகு தாய்க் கணினி. அங்கிருந்து கேபிள், ஸ்விட்ச், சேமிப்பகத்தின் கண்ட்ரோலர், கடைசியாக வட்டு. பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும்.

வழியிலுள்ள ஒவ்வோர் இடத்திலும் ஒரு வரிசை உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு பொறுமை அளவும் உண்டு. இந்த அளவுகளை வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காலங்களில், ஒருவரை ஒருவர் கேட்காமல் நிர்ணயித்தார்கள். நம் கதையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சிட்டையும் பேரேடும்

வட்டு என்பது எண்ணிட்ட கட்டங்களின் நீண்ட வரிசை. அவ்வளவுதான். எந்தக் கட்டங்கள் எந்தக் கோப்புக்கு உரியவை, எவை காலியாக உள்ளன, கோப்பின் பெயர் என்ன, உரிமையாளர் யார் என்ற கணக்கையெல்லாம் வைத்திருப்பது கோப்பு முறைமை என்னும் மென்பொருள்.

ஒரு கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலிக் கட்டங்களின் பட்டியலில் இருந்து ஒன்றை எடுக்க வேண்டும். அது இந்தக் கோப்புக்கு உரியது என்று பதிய வேண்டும். கோப்பின் நீளத்தைத் திருத்த வேண்டும். இந்த மூன்றும் வட்டின் மூன்று மூலைகளில் நடக்கும் மூன்று எழுத்துகள், அதாவது எழுதும் செயல்கள். நடுவில் மின்சாரம் போனால்? காலிப் பட்டியலில் இருந்து எடுத்தாயிற்று, கோப்பில் சேரவில்லை. அல்லது இன்னும் மோசமாக, ஒரே கட்டம் இரண்டு கோப்புகளுக்கு உரியதாகப் பதிவாகிவிடுகிறது. ஒருவரின் கணக்கின்மேல் இன்னொருவரின் கணக்கு எழுதப்படும் நிலை அது.

இதற்கான தீர்வை நம் ஊர் மளிகைக் கடைக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். வியாபாரம் நடக்க நடக்கச் சிட்டையில் வரிசையாகக் குறித்துக்கொண்டே போவார்கள். பிறகு நிதானமாக அவரவர் பெயருக்கு எதிரே பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேட்டில் ஏற்றும்போது பாதியில் எழுந்து போக நேர்ந்தாலும் கவலை இல்லை. சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கோப்பு முறைமையும் இதையே செய்கிறது. செய்யப்போகும் மாற்றங்களை முதலில் வட்டில் ஒதுக்கிய ஒரு சிறு பகுதியில் வரிசையாக எழுதிவிடுகிறது. அந்தப் பகுதியை இனிச் சிட்டை என்றே சொல்வோம். சிட்டை பத்திரமாக வட்டில் ஏறிய பிறகுதான் உரிய இடங்களில் கை வைக்கும்.

1990களின் தொடக்கத்தில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் மிகப் பெரிய வட்டுகளுக்காக உருவாக்கிய எக்ஸ்.எஃப்.எஸ். இப்படிப்பட்ட கோப்பு முறைமைகளுள் ஒன்று. 1994இல் அந்நிறுவனத்தின் கணினிகளில் வெளிவந்து, பிறகு லினக்ஸுக்குப் பெயர்ந்தது. 2014இல் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 முதல் அதுவே அங்கு இயல்பான கோப்பு முறைமை. அதனால் அலுவலக சர்வர்கள் பல இன்று அதன்மேல் நிற்கின்றன. லினக்ஸில் அதற்கு இணையாகப் புழங்கும் இன்னொன்று ஈ.எக்ஸ்.டி.4. அதிலும் சிட்டை உண்டு.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு வாக்குறுதியின்மேல் நிற்கிறது. சிட்டையில் எழுதியது வட்டில் ஏறிவிட்டதா இல்லையா என்று வட்டு உறுதியாகச் சொல்ல வேண்டும். அது சொல்லாமல் இருந்துவிட்டால்?

எவ்வளவு நேரம் காத்திருப்பது?

லினக்ஸில் ஸ்கஸி என்னும் முறையில் பேசும் வட்டுகளுக்கு ஒரு கட்டளை போனால், இயல்பாக 30 விநாடி கெடு தரப்படுகிறது. அது ஏன் 30?

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 120 சுற்று. எழுத வேண்டிய இடத்துக்கு எழுதுமுனை போய்ச் சேரச் சராசரியாக எட்டொன்பது மில்லி விநாடி, இடம் சுழன்று வரச் சராசரியாக அரைச் சுற்று. எல்லாம் சேர்த்து ஆயிரத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு நொடியில் வேலை முடிந்துவிடும். 30 விநாடிக்குள் அந்த வட்டு 3,600 முறை சுற்றியிருக்கும். பக்கத்தில், அதே பெட்டிக்குள், ஒரு கேபிளின் மறுமுனையில் இருக்கும் வட்டு 3,600 சுற்று சுற்றியும் பதில் சொல்லவில்லை என்றால் அது செத்துவிட்டது என்று எண்ணுவதில் தவறே இல்லை. அந்த உலகத்துக்கு 30 விநாடி தாராளமான கெடு.

ஆனால் மெய்நிகர் கணினியின் வட்டு அந்த உலகத்தில் இல்லை. சேமிப்பகத்தின் ஒரு கண்ட்ரோலர் பழுதாகி இன்னொன்று பொறுப்பேற்க ஒரு நிமிடம் ஆகலாம். அந்த ஒரு நிமிடமும் எந்தத் தகவலும் அழியவில்லை, எல்லாம் திட்டமிட்டபடியே நடக்கிறது. மெய்நிகர் கணினிக்கு மட்டும் அது தெரியாது. அதற்குத் தெரிவது மௌனம் ஒன்றுதான்.

மெதுவாக வரும் பதிலையும் வராமலே போகும் பதிலையும் காத்திருப்பவர் எப்படிப் பிரித்தறிவது? 1985இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற மூன்று கணினி அறிவியலாளர்கள் இதைச் சுற்றியுள்ள ஒரு கணக்கை நிறுவினார்கள். செய்தி எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்பதற்கு உச்சவரம்பே இல்லாத அமைப்பில், ஓர் உறுப்பு செயலிழக்கக்கூடும் என்றால், மற்றவை எல்லாம் கட்டாயம் ஒரு முடிவில் ஒன்றுசேரும் என்று உறுதி தரும் வழிமுறை எதையும் உருவாக்க முடியாது. அதன் அடியில் இருக்கும் தடை நம்முடையதேதான்: தாமதமாக இயங்குகிறவரும் இறந்தவரும் வெளியிலிருந்து ஒன்றுபோலவே தெரிகிறார்கள். கெடு என்பது இந்தத் தடைக்கு நாம் கண்டுபிடித்த நடைமுறை ஏற்பாடு. அது ஒரு யூகம். யூகம் தவறக்கூடும் என்பதை மறந்துவிட்டு அதை உண்மை நிலவரமாக எடுத்துக்கொள்ளும்போது சிக்கல் தொடங்குகிறது.

கெடு முடிந்ததும் லினக்ஸ் உடனே கைவிட்டுவிடுவதில்லை. முதலில் அந்தக் கட்டளையை ரத்து செய்யச் சொல்கிறது. ரத்து செய்ய முடிந்தால் கட்டளையைத் திரும்ப அனுப்புகிறது. ரத்துக்கே பதில் இல்லையென்றால் வட்டை மீட்டமைக்கப் பார்க்கும், பிறகு அந்தப் பாதையை, பிறகு கட்டுப்பாட்டு அட்டையையே. எதற்கும் மசியவில்லை என்றால்தான் வட்டை 'ஆஃப்லைன்' என்று ஒதுக்கிவைக்கிறது. கட்டளை திரும்ப அனுப்பப்படுவது இயல்பாக ஐந்து முறை. முதல் முறையையும் சேர்த்தால் ஆறு. ஆறு முறை 30 விநாடி என்றால் மூன்று நிமிடம். இந்த மூன்று நிமிடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நள்ளிரவுக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் கட்டிப் பார்ப்போம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் நடுத்தர அலுவலகம் ஒன்றில் எளிதாக அமையக்கூடியவை.

சேமிப்பகத்தில் எட்டுச் சுழல்வட்டுகள். மேலே பார்த்த கணக்குப்படி ஒரு வட்டு நொடிக்குச் சுமார் 80 வேலைகளைச் செய்யும். எட்டும் சேர்ந்தால் 640. ஒரு வட்டு போனாலும் தகவல் தப்பிக்க வேண்டும் என்பதற்காக ரெய்டு 5 என்ற முறையில் அவற்றை இணைத்திருக்கிறார்கள். இதில் ஒரு சிறு எழுத்துக்கு நான்கு வேலைகள் செலவாகும்: பழைய தகவலைப் படிப்பது, பழைய சரிபார்ப்பு எண்ணைப் படிப்பது, இரண்டையும் புதிதாக எழுதுவது. ஆக நொடிக்கு 160 எழுத்துகள்தான் மிச்சம்.

பகலில் யாரும் இதை உணர மாட்டார்கள். கண்ட்ரோலரில் பேட்டரியின் காவலில் ஒரு நினைவகம் இருக்கிறது. எழுத வேண்டியதை அதில் வாங்கிக்கொண்டு உடனே 'ஆயிற்று' என்று சொல்லிவிட்டு, பிறகு ஓய்வாக வட்டில் ஏற்றும். அந்தப் பேட்டரி தேய்ந்தாலோ, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் நேரம் வந்தாலோ, கண்ட்ரோலர் இந்தச் சலுகையை நிறுத்திவிடும். மின்சாரம் போனால் தகவலும் போய்விடும் என்பதால் அது செய்வது சரியே. அப்போதுதான் 160 என்ற உண்மையான எண் வெளியே வருகிறது.

மேலே 40 மெய்நிகர் கணினிகள். ஒரே அச்சிலிருந்து நகலெடுக்கப்பட்டவை. அதனால் எல்லாவற்றிலும் பேக்கப்பும் பழைய பதிவேடுகளைச் சுருட்டி ஒதுக்கும் வேலையும் இரவு 2 மணியை ஒட்டியே தொடங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் 32 கட்டளைகள் வரை பதிலுக்குக் காத்திருக்க விடலாம். 40ஐ 32ஆல் பெருக்கினால் 1,280. கடைசியில் நிற்கும் கட்டளை எவ்வளவு காத்திருக்க வேண்டும்? 1,280ஐ 160ஆல் வகுத்தால் எட்டு விநாடி. வேதனையான மந்தம், ஆனாலும் கெடுவுக்குள்தான் இருக்கிறது.

இந்த நேரம் பார்த்து எட்டில் ஒரு வட்டு பழுதாகிறது. மாற்று வட்டில் தகவலைத் திரும்பக் கட்டும் வேலை தொடங்குகிறது. அது சேமிப்பகத்தின் திறனில் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டால், மற்றவர்களுக்கு மிஞ்சுவது நொடிக்கு 40. இப்போது 1,280ஐ 40ஆல் வகுங்கள். 32 விநாடி.

கெடு 30. பதில் வருவது 32ஆம் விநாடியில். இரண்டு விநாடியில் தவறுகிறது. ரத்து செய்து திரும்ப அனுப்பினால் கட்டளை மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போகிறது. மறுபடியும் 32 விநாடி. ஆறு முறை முயன்றாலும் ஆறு முறையும் அதே இரண்டு விநாடியில் தோற்கிறது. உண்மையில் வரிசை இவ்வளவு சீராக நகராது. சில கட்டளைகள் தப்பித்துவிடும், சில சிக்கிக்கொள்ளும். 40 கணினிகளில் நான்கோ ஐந்தோ மட்டும் விழுவதும் மற்றவை தப்புவதும் இதனால்தான். 'ஒரே சேமிப்பகம், இது மட்டும் ஏன் விழுந்தது?' என்று குழம்பி, விழுந்த கணினிக்குள் காரணம் தேடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

விழுந்த ஒரு கணினியின் திரையைப் பார்ப்போம். 02:14க்கு எழுத்து தொடங்கியது என்று கொள்வோம். 02:14:30க்கு முதல் ரத்து. பிறகு திரும்பத் திரும்ப ரத்துகள். 02:16க்குப் பிறகு, ஏதோ ஒரு செயலி '120 விநாடிக்கு மேலாகத் தடைபட்டு நிற்கிறது' என்ற எச்சரிக்கை வரக்கூடும். 02:17க்கு '180 விநாடி காத்தாயிற்று, கட்டளை கைவிடப்படுகிறது' என்ற வரி. அடுத்த வரியில், இன்ன கட்டத்தில் எழுத முடியவில்லை என்ற பிழை. அடுத்த கணமே எக்ஸ்.எஃப்.எஸ். பேசுகிறது: சிட்டையில் எழுதும்போது பிழை, எண் 5, கோப்பு முறைமை மூடப்படுகிறது, கழற்றிவிட்டுச் சிக்கலைச் சரிசெய்யவும்.

பதினைந்து நிமிடத்தில் பேக்கப் முடிந்து சேமிப்பகத்தில் வரிசை குறைந்துவிடுகிறது. காலையில் வருகிறவர் பார்க்கும்போது அங்கே நெரிசலே இல்லை.

ஏன் மூடிக்கொள்ள வேண்டும்?

'ஓர் எழுத்துதானே தவறியது, அதை விட்டுவிட்டு மேலே போகலாமே' என்று தோன்றும். போக முடியாது. சிட்டையில் ஒரு வரி ஏறியதா இல்லையா என்று தெரியாமல் அதற்கடுத்த வரியை எழுதினால், பின்னால் படிப்பவருக்கு நடுவில் ஓட்டை விழுந்த கணக்கு கிடைக்கும். அதை வைத்துப் பேரேட்டில் ஏற்றினால், பழைய தவறு இல்லாத இடத்திலும் புதிய தவறு முளைக்கும். மாறாக, அந்தக் கணமே நின்றுவிட்டால் வட்டில் இருப்பது முழுமையான, பின்னால் சரிபார்க்கக்கூடிய ஒரு நிலை. எந்த வரி வரை நம்பலாம் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

எல்லாப் பிழைக்கும் எக்ஸ்.எஃப்.எஸ். இவ்வளவு கடுமை காட்டுவதில்லை. பேரேட்டுப் பகுதியில் எழுதும்போது வட்டு பிழை சொன்னால், இயல்பாக அது திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். சிட்டையில் பத்திரமாக ஒரு பிரதி இருப்பதால் அந்தப் பொறுமைக்கு இடமுண்டு. எத்தனை முறை முயல வேண்டும் என்று நிர்வாகியே மாற்றிக்கொள்ளும் வசதி 2016இல் வந்த லினக்ஸ் 4.7இல் சேர்ந்தது. சிட்டையே தவறினால்தான் பேச்சுக்கு இடமில்லாமல் மூடிவிடும். ஈ.எக்ஸ்.டி.4 இன்னும் சற்று மென்மையானது. சிட்டையைக் கைவிட்டு, இனிப் படிக்கலாம், எழுத முடியாது என்ற நிலைக்குப் போகும்.

பிழையை மென்று விழுங்கிவிட்டு ஓடுவது எவ்வளவு ஆபத்து என்று 2018இல் தரவுத்தள உலகம் கற்றுக்கொண்டது. எழுதியதை வட்டில் உறுதிப்படுத்து என்று போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் கேட்கிறது. லினக்ஸ் பிழை என்கிறது. தரவுத்தளம் மறுபடி கேட்கிறது. இப்போது லினக்ஸ் 'ஆயிற்று' என்கிறது. ஆனால் நடுவில் அந்தத் தகவல் வட்டில் ஏறாமலே, ஏறிவிட்டதாகக் குறிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பது அப்போது விவாதத்துக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளிலிருந்து, அப்படி ஒரு பிழை வந்தால் போஸ்ட்கிரஸ் மறுபடி முயலாமல் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, தன் சிட்டையிலிருந்து எழுந்து வரும்படி மாற்றப்பட்டது. எக்ஸ்.எஃப்.எஸ். வெகுகாலமாகச் செய்துவந்த அதே முடிவுக்கு அதுவும் வந்து சேர்ந்தது.

ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்

மூடிக்கொண்ட கணினியின் அறிகுறி விசித்திரமானது. 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் செய்தி அனுப்பினால் பதில் வரும். அந்தப் பதிலைத் தருவது நினைவகத்தில் இருக்கும் இயங்குதளம், அதற்கு வட்டு தேவையில்லை. உள்ளே நுழையப் போனால் நுழைய முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் எந்தக் கட்டளை கொடுத்தாலும் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்ற ஒரே பதில்தான். கண்காணிப்புத் திரையில் அந்தக் கணினி பச்சை விளக்கோடு இருக்கும்.

இந்த நேரத்தில் எல்லார் கையும் ரீஸ்டார்ட் பொத்தானுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். நடந்ததைச் சொல்லும் பதிவேடு எழுதப்பட வேண்டிய இடமும் அதே வட்டுதான். கோப்பு முறைமை மூடியபின் வந்த ஒரு வரிகூட அங்கே ஏறியிருக்காது. அதற்கு முந்தைய சில நிமிடங்களும் ஏறியிருப்பது சந்தேகமே. கடைசி வரிகள் நினைவகத்திலும் மெய்நிகர் கணினியின் திரையிலும் மட்டும்தான் இருக்கின்றன. ரீஸ்டார்ட் செய்தால் இரண்டும் போய்விடும். மறுநாள் பதிவேட்டைத் திறந்தால் 02:13 வரை எல்லாம் நலம், அதற்கடுத்து 06:40க்கு புதிதாகத் தொடங்கியது என்றுதான் இருக்கும். அதனால் முதல் வேலை, தாய்க் கணினி வழியாக அந்தத் திரையைத் திறந்து ஒரு படம் எடுத்து வைப்பது. பதிவேட்டை உடனுக்குடன் வேறொரு கணினிக்கும் அனுப்பும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால் இன்னும் நல்லது.

படம் கிடைத்ததும், கடைசி வரியைப் படிக்காதீர்கள். மேலே போய் முதல் வரியைத் தேடுங்கள். எக்ஸ்.எஃப்.எஸ். எழுப்பும் கூச்சல் நீளமானது, பயமுறுத்துவது. தேடுபொறியில் போட்டால் 'கோப்பு முறைமை சிதைவு' என்று பக்கம் பக்கமாக வரும். ஆனால் அதற்கு மூன்று நிமிடம் முன்பே ஸ்கஸி அடுக்கு ரத்து, மீட்டமைப்பு என்று முனகியிருந்தால், எக்ஸ்.எஃப்.எஸ். குற்றவாளி அல்ல. அது சாட்சி.

அடுத்து, அதே நேரத்தில் வேறு யாருக்கு வலித்தது என்று பார்க்க வேண்டும். ஒரே தாய்க் கணினியில் உள்ளவை மட்டும் சிக்கியிருந்தால் அந்தக் கணினியின் கேபிளையோ அட்டையையோ சந்தேகிக்கலாம். பல தாய்க் கணினிகளில் சிதறியிருந்தும், எல்லாம் ஒரே சேமிப்பகத்தைப் பயன்படுத்துபவை என்றால் விரல் சேமிப்பகத்தை நோக்கித் திரும்புகிறது. ஒன்றே ஒன்றுதான் என்றால், அதன் மெய்நிகர் வட்டில் பேக்கப்புக்காக எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தின் நிலைப் பிரதி) அழிக்கப்படாமல் வளர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். என் எடுத்துக்காட்டில் நான்கைந்து விழுந்தன. விழாதவற்றிலும் 02:14ஐ ஒட்டி ரத்துச் செய்திகள் இருக்கும். அவற்றையும் தேடி எடுத்தால்தான் படம் முழுமையாகும்.

இங்கே நம் நாட்டினர் அடிக்கடி இடறும் ஒரு கல் இருக்கிறது. விஎம்வேரின் தாய்க் கணினிப் பதிவேடுகள் எப்போதும் உலகப் பொதுநேரத்தில் எழுதப்படுகின்றன. மெய்நிகர் கணினியோ இந்திய நேரத்தில் ஓடும். ஐந்தரை மணி நேர வித்தியாசம். நம் 02:14 அங்கே முந்தைய நாள் 20:44. தேதியே மாறிவிடுவதால், சரியான கோப்பைத் திறந்து தவறான நாளைப் படித்துவிட்டு 'அங்கே ஒன்றும் இல்லை' என்று திரும்புவது மிகச் சாதாரணம்.

வரைபடங்களும் ஏமாற்றும். பழைய நேரங்களுக்கான அளவீடுகள் பெரும்பாலும் ஐந்து நிமிடச் சராசரியாகவே சேமிக்கப்படுகின்றன. அதில் நாற்பது விநாடி அடைப்பு ஒரு சிறு மேடாகத்தான் தெரியும். முழு அடைப்பு என்றால் இன்னும் மோசம். முடிந்த கட்டளைகளின் தாமதத்தைத்தான் சராசரி எடுக்கிறார்கள். அடைப்பின்போது எதுவுமே முடிவதில்லை. கணக்கில் சேர ஒன்றும் இல்லாததால் கோடு அமைதியாகப் படுத்திருக்கும். தாமதத்தை மட்டும் பார்க்காமல், முடிந்த கட்டளைகளின் எண்ணிக்கை திடீரென்று பள்ளமாக இறங்கியதா என்றும் பாருங்கள்.

கை வைக்க வேண்டாத மருந்து

மீட்பது எளிது. சேமிப்பகம் இயல்புக்குத் திரும்பிவிட்டதை உறுதிசெய்துவிட்டு, கோப்பு முறைமையைக் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும். இயங்குதளமே இருக்கும் வட்டு என்றால் கழற்ற முடியாது, ரீஸ்டார்ட்தான் வழி. பூட்டும்போது கோப்பு முறைமை தன் சிட்டையைப் படித்து, பேரேட்டில் ஏறாமல் நின்றவற்றை ஏற்றிக்கொள்ளும். பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும். இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கான விடை இதுதான்: அந்தக் கணினிக்குள் எதுவும் கெட்டுப்போகவில்லை. கடைசி நொடிகளில் நினைவகத்தில் மட்டும் இருந்து, வட்டுக்கே போகாத தகவல் திரும்பாது. செயலிகள் அதைத் தாமே திரும்பக் கேட்டுப் பெற வேண்டும்.

பதற்றத்தில் இருப்பவர் இதற்குப் பதிலாக எக்ஸ்.எஃப்.எஸ். ரிப்பேர் என்ற கருவியை எடுப்பார். சிட்டையில் ஏற்றப்படாத வரிகள் இருந்தால் அந்தக் கருவியே வேலை செய்ய மறுத்து, முதலில் பூட்டிக் கழற்றச் சொல்லும். அது முடியாவிட்டால் மட்டும் சிட்டையை அழித்துவிட்டுத் தொடரும் ஒரு வழி உண்டு என்றும் சொல்லும். கண்ணில் படுவது அந்தக் கடைசி வரிதான். அதைச் செய்தால், சேதமில்லாமல் எழுந்து வரவேண்டிய கணக்கில் நாமே ஓட்டை போட்டுவிடுகிறோம். பூட்டவே முடியவில்லை என்ற நிலை வந்தால்கூட, முதலில் வட்டின் நகல் ஒன்றை எடுத்து, நகலின்மேல் முயலுங்கள். மெய்நிகர் கணினியில் நகலெடுப்பது சில சொடுக்குகளில் முடிகிற காரியம்.

பொறுமையை வரிசைப்படுத்துதல்

கெடுவை நீட்டலாம். விஎம்வேர் தன் துணைக்கருவிகளை நிறுவும்போதே மெய்நிகர் கணினியின் 30 விநாடியை 180 ஆக்கிவிடுகிறது. நம் எடுத்துக்காட்டில் அந்தத் துணைக்கருவி மட்டும் இருந்திருந்தால் 32 விநாடித் தாமதம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அமேசானின் மேகக் கணினிகளில் வட்டு வலைப்பின்னலுக்கு அப்பால் இருப்பதால், அங்கும் இயல்பாக 30 ஆக இருக்கும் கெடுவை, அமைக்கக்கூடிய மிகப்பெரிய எண்ணுக்கே உயர்த்தும்படி அந்நிறுவனம் பரிந்துரைக்கிறது. விநாடியில் அது 136 ஆண்டுகள். காத்திருந்துகொண்டே இரு என்பதுதான் அதன் பொருள். விர்ட்டியோ-பிளாக் என்ற வகை மெய்நிகர் வட்டில் லினக்ஸ் கெடு முடிந்தாலும் கைவிடாமல் காத்துக்கொண்டே இருக்கும். அங்கே கோப்பு முறைமை மூடாது. செயலிகள் உறைந்து நின்று, சேமிப்பகம் திரும்பியதும் தொடரும்.

எந்த எண் சரி என்று தனியாகக் கேட்பதில் பயனில்லை. அடியில் இருப்பவர் முடிவெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட மேலே இருப்பவரின் பொறுமை நீளமாக இருக்க வேண்டும். சேமிப்பகத்தின் கண்ட்ரோலர் மாற ஒரு நிமிடம் ஆகிறதா என்று அளந்து பாருங்கள். சேமிப்பகத்துக்கான எல்லாப் பாதையும் போய்விட்டது என்று முடிவெடுக்க விஎம்வேர் தாய்க் கணினி இயல்பாக 140 விநாடி எடுக்கிறது. அப்படியென்றால் அதன்மேல் உள்ள மெய்நிகர் கணினிக்கு 180 பொருத்தமாக அமர்கிறது. வலைப்பின்னல் வழியே வட்டைத் தரும் ஐ-ஸ்கஸி முறையில், அறுந்த தொடர்புக்காக லினக்ஸ் இயல்பாக 120 விநாடி காத்திருக்கும். ஒன்று மாறினால் மற்றவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

நீட்டிக்கொண்டே போவதும் நல்லதல்ல. 180 விநாடிக் கெடுவை ஆறு முறை முயன்றால் 18 நிமிடம். இரட்டைத் தரவுத்தளங்களில் ஒன்று விழுந்தால் மற்றது பொறுப்பேற்க வேண்டும் என்று அமைத்திருக்கும் இடத்தில், முதலாவது 18 நிமிடம் விழாமலும் எழாமலும் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை. அங்கே குறுகிய கெடுதான் வேண்டும், சீக்கிரம் விழுந்தால்தான் சீக்கிரம் கைமாறும். ரெய்டு அமைப்புகளுக்கென்று விற்கப்படும் வட்டுகளிலும் இதே சிந்தனை உண்டு. மேசைக் கணினி வட்டு படிக்க முடியாத ஒரு கட்டத்தோடு ஒரு நிமிடத்துக்கும் மேல் மல்லுக்கட்டக்கூடும். ரெய்டு வட்டு வழக்கமாக ஏழு விநாடியில் கைவிட்டுப் பிழை சொல்லிவிடும். மற்ற வட்டுகளில் பிரதி இருப்பதால் அதற்கு அது போதும்.

கெடுவை மாற்றியபின் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். ஓடும் கணினியில் நேரடியாக எழுதிய எண் அடுத்த ரீஸ்டார்ட்டில் பழைய 30க்குத் திரும்பிவிடும். பிறகு புதிதாகச் சேர்க்கும் வட்டுக்கும் அது பொருந்தாது. வட்டு தோன்றும்போதே எண்ணை அமைக்கும் நிரந்தர விதியாக எழுதிவைக்க வேண்டும். அடுத்தது, அந்த விதி வேலை செய்கிறதா என்று சோதனைக் கணினி ஒன்றில் பார்த்துவிடுவது. லினக்ஸில் ஸ்கஸி-டீபக் என்றொரு கருவி உண்டு. நினைவகத்திலேயே ஒரு போலி வட்டை உருவாக்கி, நாம் சொல்லும் இடைவெளியில் கட்டளைகளுக்குப் பதிலே தராமல் இருக்கச் செய்யலாம். அதன்மேல் எக்ஸ்.எஃப்.எஸ். அமைத்து, ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும்போது போலி வட்டை வாய்மூட வைத்துவிட்டு, திரையில் முதல் ரத்து எத்தனையாவது விநாடியில் வருகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள்.